மேலே தேயிலை, கீழே உப்பு: ஒரே ஆற்றங்கரையில் இத்தனை வானிலை எப்படி?

ஜூன் பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சண்டை நிச்சயம். தென்காசியில் இருக்கும் சித்தப்பா காலையிலேயே வீடியோ போட்டுவிடுவார். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும், சாரல் தூறும், ரோட்டோரம் ரம்புட்டான் குவிந்து கிடக்கும். "எல்லாரும் கெளம்பி வாங்க, சீசன் சூப்பரா இருக்கு" என்பார். பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தையிடமிருந்து ஒரே வரியில் பதில் வரும்: "ஏல, இங்க வெயிலு மண்டையப் பொளக்கு, நீ வேற."

இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 55 கி.மீ. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஒரே மாதம், ஒரே பருவமழை, ஒரே காற்று. ஆனால் ஒருவர் தலை துவட்டிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னும் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் விஷயம் இதைவிட வினோதம். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேருகிறது. மொத்த நீளம் 125 கி.மீ.யை ஒட்டித்தான். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலைத் தொடும் வற்றாத ஆறு. இந்த ஆற்றுப்படுகையின் உச்சியில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைத் தோட்டங்கள். தேயிலைக்கு மழை கொட்ட வேண்டும், ஈரம் வேண்டும், மூடுபனி வேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடி உப்பளங்கள். உப்புக்கு மழையே ஆகாது, சுள்ளென்ற வெயிலும் காய்ந்த காற்றும் வேண்டும். தேயிலையும் உப்பும் ஒரே ஆற்றின் இரண்டு முனையில் விளைகிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. நம்ம ஊரில் இருக்கிறது.

முதலில், இது பள்ளத்தாக்குதானா?

பேச்சு வழக்கில் 'தாமிரபரணிப் பள்ளத்தாக்கு' என்கிறோம். ஆனால் காஷ்மீர் பள்ளத்தாக்கு மாதிரி நாலு பக்கமும் மலை சூழ்ந்த இடம் இல்லை இது. காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறை வரை ஆறு உண்மையான மலைப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கியதும் கதை மாறிவிடுகிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் நில அமைப்பில் சமவெளிதான். மேற்கே மட்டும் மலைச்சுவர், கிழக்கே கடல் வரை திறந்த வெளி.

அதனால்தான் இந்த ஊர் நல்ல உதாரணம். பள்ளத்தாக்கின் வானிலை, சமவெளியின் வானிலை, இரண்டுக்கும் நடுவே மலையடிவாரத்தின் வானிலை மூன்றையும் ஒரே நாளில் பஸ் பிடித்துப் பார்த்துவிடலாம்.

ஒரு குடமும் ஒரு சொம்பும்

பள்ளத்தாக்கு என்றாலே ஜில்லென்று இருக்கும் என்று நினைக்கிறோம். அது உயரத்தால் வருகிற குளிர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மாஞ்சோலை குளிர்வதற்கு முக்கியக் காரணம் அது ஆயிரம் மீட்டருக்கு மேலே இருப்பதுதான். உயரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பள்ளத்தாக்கின் குணம் வேறு: பகலில் சீக்கிரம் சூடாகும், இரவில் சீக்கிரம் குளிரும்.

ஒரே அடுப்பு, ஒரே தீ. ஒரு குடம் தண்ணீர் வைத்தால் சூடாக நேரம் பிடிக்கும், ஒரு சொம்பு வைத்தால் சட்டென்று கொதித்துவிடும். சமவெளி குடம். அங்கே விழும் வெயில் பரந்து கிடக்கும் காற்று முழுவதையும் சூடாக்க வேண்டும். பள்ளத்தாக்கில் பாதி இடத்தை மலையே அடைத்துக்கொள்வதால் காற்றின் அளவு குறைவு. அதே வெயில், குறைந்த காற்று. இரவில் வெப்பம் வெளியேறும்போதும் அதே கணக்குதான்.

இதோடு காற்றின் மூச்சும் சேரும். பகலில் மலைச்சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலே ஏறும். அந்த இடத்தை நிரப்ப கீழிருந்து காற்று பள்ளத்தாக்குக்குள் போகும். சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் பாபநாசம், களக்காடு மலைகளின் மேல் மேகம் திரண்டு இடியோடு கோடை மழை கொட்டுவது இதனால்தான். இரவில் எல்லாம் தலைகீழ். சரிவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் மாதிரியே பள்ளத்தை நோக்கி வழியும். மலையடிவாரத்தில் ராத்திரி ஜிலுஜிலுவென்று வருகிறதே, அந்தக் காற்று.

அந்தக் குளிர் காற்று வடிய வழியில்லாமல் தேங்கினால் என்ன ஆகும் என்பதை ஊட்டியில் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த படங்கள் வரும். கவனித்தீர்களா? தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்வான இடங்களாகவே இருக்கும். மேலே போகப் போகக் குளிர வேண்டும் என்ற விதி அந்த ஒரு ராத்திரிக்கு உடைந்துபோகிறது. கீழே உறைபனி, சரிவில் அதைவிடக் கதகதப்பு. வானிலையாளர்கள் இதை 'வெப்பநிலை தலைகீழாக்கம்' என்கிறார்கள். குளிர் காற்று கீழே மூடி போட்டுக் கிடந்தால் புகையும் வெளியேறாது. 1948 அக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோனோரா என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊரில் ஆலைப் புகை இப்படித்தான் நாள்கணக்கில் தேங்கி 20 பேர் செத்துப்போனார்கள். காத்மாண்டு ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூச்சு முட்டுவதற்கும் இதே மூடிதான் முக்கியக் காரணம். திறந்த சமவெளியில் இருக்கும் திருநெல்வேலிக்கு அந்தக் கவலை குறைவு. நமக்கு வேறு கவலை.

மலை பிழிந்துவிட்டு அனுப்பும் காற்று

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலில் இருந்து ஈரத்தோடு கேரளத்துக்குள் நுழைகிறது. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. ஏறித்தான் ஆக வேண்டும். ஏற ஏறக் காற்று குளிரும், ஈரம் மேகமாகி மழையாகக் கொட்டும். மலை உச்சியைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதனிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம் ஈரம்தான். அதனால் நம்ம பக்கம் 'மழை மறைவுப் பகுதி'. இது பள்ளிக்கூடப் பாடம், எல்லோருக்கும் தெரியும்.

பாடத்தில் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தக் காற்று காய்ந்து மட்டும் வருவதில்லை, கிளம்பியபோது இருந்ததைவிடச் சூடாகவும் வருகிறது. ஏன்?

ஒரு கணக்கு போடுவோம். கேரளப் பக்கம் 27 டிகிரியில் கிளம்பும் காற்று 1,500 மீட்டர் ஏறுகிறது என்று வையுங்கள். முதல் 500 மீட்டர் வரை மேகம் உருவாகவில்லை. அதுவரை 1,000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் குளிரும். 22 டிகிரிக்கு வந்துவிடும். அதற்குமேல் ஈரம் மழையாக மாறும்போது அதில் ஒளிந்திருந்த வெப்பம் வெளியே வரும். அதனால் குளிரும் வேகம் பாதியாகி 1,000 மீட்டருக்கு 5 டிகிரி அளவில்தான் இருக்கும். உச்சியில் 17 டிகிரி. இப்போது இறங்குகிறது. மேகம் இல்லை, ஈரம் இல்லை. முழு 1,500 மீட்டருக்கும் 10 டிகிரி வீதம் சூடேறும். அடிவாரத்தில் 32 டிகிரி. ஐந்து டிகிரி லாபம், அல்லது நஷ்டம், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து.

ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் ஜெர்மன் பேசுபவர்கள் இப்படி இறங்கும் காற்றுக்கு 'ஃபோன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையருக்கும் அங்கே அதே பெயர்தான். ஜூன், ஜூலையில் பாளையங்கோட்டை தெருவில் நின்றவர்களுக்கு இந்தப் பெயர்ப் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த மாதங்களிலும் இங்கே 36, 37 டிகிரி சாதாரணம். பொதிகையில் பிறக்கும் தென்றல் என்று புலவர்கள் பாடினார்கள், சரிதான். ஆனால் ஆனி, ஆடியில் பொதிகையிலிருந்து வருவது தென்றல் இல்லை, கண்ணில் மண்ணை வாரித் தூற்றும் மேல்காற்று.

அப்போ குற்றாலம் மட்டும் எப்படித் தப்பித்தது?

சுவரில் ஓட்டை இருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாய். மலைத்தொடர் அங்கே சட்டென்று தாழ்ந்துவிடுகிறது. 1904-ல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் ரயில் பாதை முடிந்தது அந்த வழியில்தான். ரயில் போகும் பாதை காற்றுக்கும் பாதை. அங்கே காற்று உச்சி வரை ஏறி மொத்த ஈரத்தையும் இழக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மிச்ச ஈரத்தோடு புகுந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி மேல் சாரலாகத் தெளிக்கிறது. குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது என்பதால், சித்தப்பாவின் வீடியோவில் இருப்பதும் இந்த ஆற்றுப்படுகையின் வானிலைதான். தென்காசியைத் தாண்டிக் கிழக்கே வர வர சாரல் நின்று வெறும் காற்று மட்டும் மிஞ்சும். கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய் செய்கிற உபகாரமும் இதே வகைதான், அது இதைவிட மிக அகலமான கதவு.

தெற்கே இன்னொரு கதவு, ஆரல்வாய்மொழி. குறுகிய சந்தில் புகும் காற்று வேகம் எடுக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பது அதனால்தான். பணகுடி, ராதாபுரம் பக்கமும் காற்றாலை வரிசைகள். ஆரியங்காவு வழியாக வரும் காற்றுக்கு அந்தப் பக்கம் கயத்தாறு வரை காற்றாலைகள். வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை அவற்றுக்குத்தான் உண்மையான 'சீசன்'.

இந்தக் காற்று மின்சாரம் மட்டும் தரவில்லை, நிலத்தையே செய்திருக்கிறது. சாத்தான்குளம், குதிரைமொழி பக்கம் போனால் செக்கச்செவேல் என்று மணல் மேடுகள், 'தேரி' என்போம். ராஜஸ்தான் படம் எடுக்க வேண்டிய இயக்குநர்கள் இங்கே வந்து எடுத்துவிட்டுப் போவார்கள். மலைப் பக்கத்துச் செம்மண்ணைத் தென்மேற்குக் காற்று அள்ளிக்கொண்டு வந்து கடலோரத்தில் கொட்டியதில் உருவானவை இவை என்பதே நிலவியலாளர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். ஒரு பருவக்காற்றின் கையெழுத்து அது.

மழை வராத ஊருக்கு மழையைக் கொண்டுவரும் ஆறு

தென்மேற்குப் பருவமழை நெல்லைச் சமவெளியில் பெய்வது சொற்பம். ஆனாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அம்பை, சேரன்மகாதேவி வயல்களில் கார் நெல் நிற்கிறது. எப்படி? மலை உச்சியை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் கேரளப் பக்க மழை எல்லை தாண்டி விழுகிறது. அது காரையாறு, சேர்வலாறு வழியாக 143 அடி பாபநாசம் அணைக்கு வருகிறது. அங்கிருந்து கால்வாய்களுக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அதில் ஏழு ஆங்கிலேயருக்கு முந்தியவை.

அதாவது மழை மேலே, பயிர் கீழே. வானிலை செய்தியில் 'நெல்லையில் மழை வாய்ப்பில்லை' என்று வந்தாலும் விவசாயி கவலைப்படுவது வேறு எண்ணைப் பார்த்து: அணை நீர்மட்டம். மலையில் சாரல் ஏமாற்றினால், கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பு தள்ளிப்போகும் அல்லது நின்றே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு நடக்கும் பிசானம்தான் சமவெளி தன் சொந்த மழையையும் சேர்த்துக்கொள்ளும் பட்டம்.

அந்த வடகிழக்குப் பருவத்தில் மலையின் வேலையும் மாறிவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்குத் திரையாக இருந்த அதே மலை, கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்றுக்குச் சுவர். கடலில் இருந்து வரும் ஈரம் தட்டையான சமவெளியைச் சும்மா கடந்து போய் மலையில் மோதி ஏறும். தினமும் வரும் மழை அளவுப் பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்ற பெயர்களே முதலில் இருப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். இரண்டு பருவமழையும் அவர்களுக்கு உண்டு. 1992 நவம்பர் வெள்ளத்தின்போது காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. பதிவானது.

சமவெளி மலையை முந்திய நாள்

மலையில்தான் பெருமழை, சமவெளியில் மிதமழை. 2023 டிசம்பர் 17, 18-ல் இந்தச் சூத்திரம் உடைந்தது. 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மாஞ்சோலையில் 55 செ.மீ. அதுவே பயங்கரம். ஆனால் மேசை மாதிரி தட்டையான கடலோர ஊரான காயல்பட்டினத்தில் 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் 62. காயல்பட்டினத்துக்கு ஒரு முழு வருடம் பெய்ய வேண்டியதைவிட அதிகம் அது.

காரணம் குமரிக்கடல் பக்கம் நகராமல் நின்ற ஒரு காற்றுச் சுழற்சி. மழையைக் கொட்ட வைக்கக் காற்று மேலே ஏற வேண்டும். அதற்கு மலை ஒரு வழி. எதிரெதிரே வரும் காற்றுகள் ஒரு இடத்தில் குவிந்து ஒன்றை ஒன்று மேலே தள்ளுவது இன்னொரு வழி. அன்று அந்த இரண்டாவது வழி கடலோரத்துக்கு மேலேயே நடந்தது. மலை தேவைப்படவில்லை.

பேரழிவாக்கியது நில அமைப்பு. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு ஆயிரம் மீட்டர் உயரத்தைச் சில கிலோமீட்டரில் இறங்கிவிடுகிறது தண்ணீர். பாபநாசத்திலிருந்து கடல் வரை நூறு கிலோமீட்டர் ஓடுவதற்கு மொத்தச் சரிவே நூறு மீட்டர் அளவுதான். மேலே சறுக்குமரம், கீழே தாம்பாளம். அணைகளிலிருந்து வந்த உபரிநீரும், சமவெளியில் அங்கேயே பெய்த மழையும், உடைந்த குளங்களின் தண்ணீரும் ஒரே நேரத்தில் அந்தத் தாம்பாளத்தில் சேர்ந்தன. திருநெல்வேலி சந்திப்புப் பகுதி மூழ்கியது. குறுக்குத்துறை முருகன் கோயில் வழக்கம்போல் தண்ணீருக்குள் போனது. ஏரல் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று சென்னைக்கும் டெல்லிக்கும் வாக்குவாதமே நடந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். அதனால் இது ஒருதடவை விபத்து என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

மலையிலிருந்து இறங்குகிறவர்கள்

இந்த வானிலை வேறுபாடு இப்போது சில குடும்பங்களுக்கு அன்றாடப் பிரச்சினை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்தை அதன் நிறுவனம் 2024-ல் மூடும் முடிவுக்கு வந்தது. தலைமுறைகளாக மலையிலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்கள் கீழே இறங்க வேண்டிய நிலை. நீதிமன்றம், இழப்பீடு, வீடு என்று செய்திகள் வந்தன. வானிலையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. மேலே சொன்ன 6.5 டிகிரி கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறுபது கிலோமீட்டர் இடமாற்றத்தில், ஃபேன் அவ்வளவாகத் தேவைப்படாத வீட்டிலிருந்து, ஆனி மாதத்திலும் 37 டிகிரி அடிக்கும் சமவெளிக்கு வருகிறார்கள். அட்டைக்கடியும் மூடுபனியும் பழகிய உடம்பு அறுபது வயதில் இந்த வெயிலுக்குப் பழக வேண்டும். அரசு ஆவணங்களில் இரண்டும் 'திருநெல்வேலி மாவட்டம்'தான்.

மாவட்டம் என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. ஊத்தும் ராதாபுரமும் ஒரே மாவட்டம். இரண்டின் மழையைக் கூட்டி வகுத்து 'மாவட்டச் சராசரி' என்று ஒரு எண் வரும். அந்த எண் இரண்டு ஊரிலும் உண்மை இல்லை.

அப்போ முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது?

வானிலை ஆய்வு மையம் 'ஓரிரு இடங்களில்' என்று சொன்னாலே மீம் போடுகிறோம். அது மழுப்பல் இல்லை, அளவுச் சொல். மழைமானிகள் இருக்கும் இடங்களில் கால்வாசிக்கு மேற்படாமல் மழை பதிவாகும் என்று அர்த்தம். 'சில இடங்கள்' என்றால் பாதி வரை. அதற்கு மேல் 'பல இடங்கள்', முக்கால்வாசியைத் தாண்டினால் 'பெரும்பாலான இடங்கள்'. அளவுக்கும் வரையறை உண்டு: 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. முதல் 11.5 வரை கனமழை, 20.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் எவ்வளவு பெய்தாலும் அதி கனமழை. 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன என்பது 2023-ல் நமக்கு உறைத்தது.

அதனால் 'நெல்லை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை' என்று வந்தால், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ஜூலையில் மேற்குக் காற்று என்றால் அந்த ஓரிரு இடங்கள் பெரும்பாலும் ஊத்து, நாலுமுக்கு, அணைப் பகுதி. பாளையங்கோட்டையில் மொட்டை மாடித் துணியை எடுக்க ஓட வேண்டியதில்லை, பறந்து போகாமல் கிளிப் போட்டால் போதும். நவம்பர், டிசம்பரில் கிழக்குக் காற்று, குமரிக்கடலில் நகராத சுழற்சி என்று இரண்டும் சேர்ந்து வந்தால், ஆற்றங்கரையில் இருப்பவர்கள் தங்கள் ஊர் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் பார்க்க வேண்டும். அந்தத் தண்ணீர் நம் தெருவில் மழை நின்ற பிறகும் வரும்.

இதையெல்லாம் குரூப்பில் ஒருதடவை விளக்கமாக டைப் செய்து போட்டேன். சித்தப்பா தம்ஸ் அப் போட்டார். அத்தை கேட்டது ஒன்றுதான்: "அப்போ இந்த வருசம் காருக்குத் தண்ணி தொறப்பாங்களா, மாட்டாங்களா?"